ஈச்சனேந்தலின் இறப்பு விகிதம்

பெருவாசல் அரசு மருத்துவமனையில் செத்துப்போய், வேனில் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, கண்மாய்க்கு மேற்கே எரிக்கப்பட்டு, பால் தெளிப்பும் முடிந்துவிட்ட சேதுராமு, அதற்கு மறுநாள் காலை முதல் பேருந்தில் ஈச்சனேந்தலுக்கு வந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், யாரிடமும் பேசாமல், கிராம நிர்வாக அலுவலகத்தின் வாசலில் போய் நின்றான். அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பது உயிரோடு இருந்தபோது அவனுக்குத் தெரியும். செத்தபின் அது மறந்துபோயிற்றா, அல்லது செத்தவர்களுக்குக் காத்திருப்பதில் சிரமம் இல்லையா என்பது பற்றி ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சிகள் உண்டு.

பத்தரைக்கு வந்து பூட்டைத் திறந்த கிராம நிர்வாக அலுவலர் தணிகைவேல், வடக்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், வயிற்றுப்புண்காரர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பெயர் சேதுராமு. தகப்பனார் பெயர் கருப்பணன். வயது முப்பத்தாறு. பால் ஆண். இறந்த இடம் அரசு மருத்துவமனை, பெருவாசல்."

"அப்ப பெருவாசல்லதான்யா பதியணும்" என்றார் தணிகைவேல். "செத்த எடம்தான் கணக்கு. இருந்த எடம் இல்ல. நான் போட்ட சட்டமா இது?"

"பெயர் சேதுராமு" என்றான் சேதுராமு மறுபடியும். இறப்புப் பதிவுப் படிவத்தில் உள்ள சொற்களைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் அவனிடமிருந்து எரிந்துபோயிருந்தன. மனைவி ரேவதி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கி, பிள்ளைகளைக் காட்டி, கடைசியில் கோபம் வந்து திட்டியும் பார்த்தாள். அவன் அவளிடமும் தன் தகப்பனார் பெயரைச் சொன்னான்.

சட்டத்தில் குற்றம் சொல்ல முடியாது. மனிதன் பல இடங்களில் குடியிருக்கலாம், ஒரே இடத்தில்தான் சாகமுடியும் என்பதால், செத்த இடத்தில் பதிவது என்று எங்கோ ஒரு புத்திசாலி முடிவு செய்திருக்கிறான். ஆனால் ஈச்சனேந்தலில் மருத்துவமனை இல்லை. மூச்சு வாங்கியவர்கள், பாம்பு தீண்டியவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், வயதானவர்கள் எல்லோரையும் பெருவாசலுக்குத்தான் கொண்டுபோனார்கள்; இலவச ஆம்புலன்ஸ் வந்தபிறகு, வீட்டோடு கிடக்கட்டும் என்று விடப்பட்ட கிழடுகளுக்கும் அந்த யோகம் அடித்தது. எல்லோரும் பெருவாசலில் செத்தார்கள், பெருவாசலில் பதியப்பட்டார்கள். ஈச்சனேந்தலின் இறப்புப் பதிவேடு வருடக்கணக்காக வெள்ளையாகவே இருந்தது. ஓராண்டின் இறப்புகளை நடு ஆண்டு மக்கள்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது இறப்பு விகிதம். பூச்சியத்தை எதனால் வகுத்து எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான் என்பதால், மாவட்ட நிர்வாகம் ஈச்சனேந்தலுக்கு ஒரு கேடயம் கொடுத்துப் பாராட்டியது. பெருவாசலோ செத்துக்கொண்டே இருந்தது. விகிதம் ஏறுவதைப் பார்த்துப் பயந்த நகராட்சி, தெருத்தெருவாகக் கொசுப்புகை அடித்தது, நாய்களைப் பிடித்தது, தன் அலுவலகத்தின் தெற்கு வாசலை அடைத்துவிட்டுக் கிழக்கே ஒன்றைத் திறந்தும் பார்த்தது.

சேதுராமுவுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். முந்தின மாதம் செத்தவர்கள், முந்தின வருடம் செத்தவர்கள், அதற்கும் முந்தின வருடங்களில் செத்தவர்கள் என்று, ஒவ்வொரு நாளும் முதல் பேருந்தில் இரண்டு பேர் மூன்று பேராக இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். பலருக்குப் புருவத்திலும் இமையிலும் காதுமடலிலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தீயில் போகாத பொடி அது. ஊருக்கு வடக்கே வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல்லை அரைத்து மாவாக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அந்த மாவு கண்ணாடி ஆகும், பீங்கான் ஆகும், பல் தேய்க்கும் பசையிலும் கொஞ்சம் சேரும் என்று சொல்வார்கள். நுரையீரலில் என்ன ஆகும் என்று சொல்வதற்குக் கம்பெனியில் ஆள் இல்லை.

ஊர் பழகிக்கொண்டது. செத்தவர்களுக்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று நடத்துனர் பணிமனையில் கேட்டார். இருக்கையில் உட்காராதவரை போடவேண்டியதில்லை என்று பதில் வந்தது, அவர்களும் உட்காரவில்லை. வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும், தலைமையாசிரியை பிள்ளைகள் போய்வர நடுவில் ஓர் இடைவெளி விடச்சொன்னார், விட்டார்கள். ரேவதி மத்தியானம் பழக்கதோஷத்தில் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, புருஷனுக்கு முன்னால் வைத்து, அவன் தொடாததால் தானே அங்கேயே தின்றுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு நடந்த சண்டையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனாள். வேறு சில பெண்களும் அப்படி வந்தார்கள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாக இந்த மனுஷன் கேட்டதில்லை என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். வாக்குக் கேட்டுவந்த வேட்பாளர் ஒருவர் வரிசை முழுவதையும் கும்பிட்டுக்கொண்டே போய், முடிவில்தான் விஷயம் தெரிந்து, போனது போகட்டும் என்று திரும்பும்போதும் கும்பிட்டார். வெளியூர்க்காரர்கள் மட்டும் ஈச்சனேந்தலுக்குப் பெண் கொடுப்பதை நிறுத்தினார்கள். "மாப்பிள்ளைக்கா குடுக்கச் சொல்றீய, வரிசைக்கா?" என்று தரகரிடம் கேட்டார்களாம்.

அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பூமயிலின் பார்வையிலேயே இத்தனையும் நடந்தது. அவள் பெருவாசல் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். அந்தப் படிப்புக்கு ஊரில் வேறு உபயோகம் இல்லாததால் ஆதார் அட்டைகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நாகநாதன் கம்பெனியில் மாவு மூட்டை பிடிக்கும் வேலையில் இருந்தான். போன மாசியிலிருந்து அவனுக்கு இருமல். படியேறினால் நின்று நின்று ஏறினான். வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கும்போது, அடுத்தது யார் என்பதைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"மச்சான், அந்த வேலை வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"வெளிய போயி வரிசையப் பாருங்க."

"எல்லா ஊர்லயும்தான் சாவுறான். இங்க கம்பெனி வர்றதுக்கு முன்னாடி எவனும் சாவலியா? கேடயம் குடுத்துருக்கான் மயிலு, சும்மாவா குடுப்பான்? பூச்சியம்னு போட்டுருக்கு. நீ படிச்சவதான, படி."

பூமயில் எழுதிப்போட்டாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஈச்சனேந்தலின் பன்னிரண்டு வருட இறப்புகளைக் கேட்டதற்கு, பன்னிரண்டு பூச்சியங்களை அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். பெருவாசலின் பதிவுகளைக் கேட்டுவாங்கி, செத்தவர்களின் நிரந்தர முகவரியைப் பார்த்து ஈச்சனேந்தல்காரர்களைப் பிரித்தெடுக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் பதிவுகளைக் கணினியில் ஏற்றியவர்கள், இறந்த இடத்தின் முகவரியை அடித்ததும் நிரந்தர முகவரிக் கட்டத்திலும் அதுவே தானாக வந்து விழுவதைக் கண்டு, மாற்றுவானேன் என்று விட்டிருந்தார்கள். ஆவணப்படி, மருத்துவமனையில் செத்த அத்தனை பேரும் காலமெல்லாம் அங்கேயே குடியிருந்தவர்கள். காரணம் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் இதயம் நின்றதால் என்று இருந்தது. உலகம் தோன்றியதிலிருந்து இதயம் நிற்காமல் செத்தவர் எவரும் இல்லை என்பதால் அதையும் மறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி இரண்டாவது அரவை ஆலைக்கு அனுமதி கேட்டது, அதிகாரிகள் அதற்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். இரண்டாவது ஆலை வந்தால் நாகநாதன் மேற்பார்வையாளன். அவன் சந்தோஷமாக இருமினான்.

பூமயில் ஒரு நாள் பிற்பகல் கடையைச் சாத்திவிட்டு, வரிசையின் முதல் ஆளிடம் போய், "இறந்த ஆண்டு?" என்று கேட்டாள். படிவத்தில் உள்ள சொல் என்பதால் சேதுராமு பதில் சொன்னான். "என்னோட வாங்க" என்றாள். இத்தனை மாதத்தில் அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு ஒருவர் அடுத்த வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை; அவன் அவள் பின்னால் நடந்தான். அவன் பின்னால் எல்லோரும் நடந்தார்கள். வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள், நாகநாதனின் வேலைச் சட்டையை உதறிச் சேர்த்த மாவாலேயே தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டு, கோட்டின்மேல் ஆண்டுகளை எழுதி, ஒவ்வொருவரையும் கேட்டுக்கேட்டு, அவரவர் ஆண்டுக்கு நேரே ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினாள். வெயில் தாழ்ந்தபோது ஊரே கண்மாய்க்கரையில் ஏறி நின்று பார்த்தது.

இடது ஓரத்தில் ஐந்தாறு நரைத்த தலைகள், அவ்வளவுதான். அடுத்த வருடமும் அப்படியே. கம்பெனி வந்த நான்காம் வருடம் வரிசை கொஞ்சம் நீண்டது, ஐந்தாம் வருடம் இன்னும் நீண்டது, பிறகு ஒவ்வொரு வருடமும் முந்தின வருடத்தைத் தாண்டிக்கொண்டு எதிர்க்கரையை நோக்கிப் போயிற்று. போகப்போக நரைத்த தலைகள் குறைந்தன, கருத்த தலைகள் கூடின, கருத்த தலைகளின் மேல் வெள்ளைப் பொடி கூடியது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே நரைபோலத்தான் தெரிந்தது. கடைசி வருடத்தின் வரிசை கருவேலங்காட்டுக்குள் புகுந்து, அதன் முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. செல்போனில் படம் எடுத்தவர்களுக்கு வெறும் கண்மாயும் ஒரு வெள்ளைக் கோடும்தான் கிடைத்தன.

"ஊர்ல ஆளும் கூடிருச்சுல்ல" என்றான் நாகநாதன் மெதுவாக. "ஆளு கூடுனா சாவும் கூடும்."

"கூடல மச்சான். முன்னூறு பேரு கொறஞ்சிருக்கோம். வகுத்துப் பாத்தா இன்னும் மோசமா வரும்."

அவன் கரையிலிருந்து இறங்கிப்போய், சேதுராமுவுக்கு முன்னால் நின்றான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சாக்கின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்கள். "என்னடா மாப்ள" என்றான். சேதுராமு தன் வயது முப்பத்தாறு என்றான். நாகநாதனுக்கும் அதே வயதுதான். மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. பிறகு போகவே இல்லை. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து தாள் அடுக்கினான். பூமயில் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

செத்தவர்கள் மறுபடி அலுவலக வாசலுக்கே போய்விட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் வரை அவர்கள் நிற்கவேண்டும், அதிகாரிகள் முன்னால் இன்னொரு முறை கண்மாயில் நிறுத்தவேண்டும் என்பது பூமயிலின் எண்ணம். ஆனால் கூட்டத்துக்கு முதல்நாள், கம்பெனி செலவில் சாமியானா பந்தல் போட்டு, மோரும் ஊற்றி, இறப்புப் பதிவு சிறப்பு முகாம் நடக்கும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதிந்து ரசீது கொடுத்துவிட்டால் செத்தவர்கள் போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

பூமயில் ரேவதி வீட்டுக்குப் போனாள். "ஒரே ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லு ரேவதி. கூட்டம் முடியட்டும். நீங்கள்லாம் சேந்து சொன்னாக் கேப்பாங்க."

"மழைன்னும் வெயில்னும் எம்புருஷன் அங்க நிக்கணும், ஒனக்குக் கோடு போட."

"எனக்கா? ஊருக்கு."

"ஒம்புருஷன் வீட்டுக்குள்ள ஒக்காந்து சோறு திங்கிறாரு மதினி. அதான் ஒனக்கு ஒரு நாள் ஒரு நாளாத் தெரியுது" என்றாள் ரேவதி. "இந்த மனுஷன் மொகத்தப் பாத்துக்கிட்டே நான் எத்தன நாளு எம்மாமனார் பேரையே கேட்டுக்கிட்டு இருக்குறது? போகட்டும். எங்கயாச்சும் போயி உக்காரட்டும்."

பூமயில் திரும்பி நடந்தாள்.

முகாமில் ஒரு சிக்கல் வந்தது. பழைய தேதிகளை நீதிமன்ற நடுவர் உத்தரவு இல்லாமல் கணினி ஏற்கவில்லை. பெருவாசலில் செத்தவர்களை ஈச்சனேந்தலில் பதியவும் வழி இல்லை. முகாமை நடத்த வந்திருந்த வட்டாட்சியர் கெட்டிக்காரர். மோரைக் குடித்துவிட்டு யோசித்தார். "இவங்க இப்ப எங்க நிக்கிறாங்க? இந்த ஆபீஸ் வாசல்ல. எங்கிருந்து போகப்போறாங்க? இந்த வாசல்லேர்ந்து. எப்போ? இன்னிக்கு. அப்புறம் என்னய்யா? இடம் ஈச்சனேந்தல், தேதி இன்னைய தேதி. போடுங்க."

தணிகைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்டார். ஒவ்வொருவராக வந்து, பெயரும் தகப்பனார் பெயரும் வயதும் சொல்லி, ரசீதுக்குக் கை நீட்டினார்கள். ரசீது விரலில் பட்டதும் விரல் இல்லை, கை இல்லை, ஆள் இல்லை. தாள் மட்டும் ஆடி ஆடித் தரையில் இறங்கியது, குடும்பத்தார் குனிந்து பொறுக்கிக்கொண்டார்கள். சேதுராமுவின் ரசீதை எடுக்க ரேவதி குனியவே இல்லை. அவன் நின்ற இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தாள், பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லும்வரை.

மறுநாள் கூட்டத்தில், தலைநகரிலிருந்து வந்திருந்த நிபுணர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். பன்னிரண்டு வருடம் தரையோடு தரையாக ஒரு கோடு. கடைசியில் ஒரே ஒரு நாளில் மட்டும் பனைமரம்போல் ஒரு குச்சி. ஓர் ஊரில் இத்தனை பேர் ஒரே நாளில் சாவது இயற்கைக்கு மாறானது, ஆகவே இது பதிவுப் பிழை, பிழையை நீக்கிவிட்டுப் பார்ப்பதே புள்ளியியல் முறை என்று விளக்கி நீக்கினார். மிச்சமிருந்தது பூச்சியம்.

பூமயில் எழுந்து நின்றாள். "அப்ப கண்மாய்ல நாங்க பாத்தது?"

"அதுக்கு ஆவணம் ஏதும் இருக்காம்மா?" என்று அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார்.

இரண்டாவது ஆலைக்கு அனுமதி கிடைத்தது. முதல் பேருந்தில் புதியவர்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். அலுவலக வாசலில் வரிசை மறுபடி முதலிலிருந்து வளர்ந்தது.

வேலையை விட்டது நாகநாதன்தான், மாவு அவனை விடவில்லை. உள்ளே போன பொடி கரையாது, வெளியேறாது, இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே தன் வேலையைப் பார்க்கும் என்று பெருவாசல் மருத்துவர் ஒருவர், எழுதிக் கொடுக்காமல், வாயால் சொன்னார். தை மாதம் அவனால் படுக்க முடியாமல் போயிற்று, உட்கார்ந்தே தூங்கினான். மாசியில் ஒரு நாள் மத்தியானம் உதடு நீலம் பாரித்து, கழுத்து நரம்புகள் கயிறுபோல் புடைத்தன. பூமயில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"வேண்டாம் மயிலு" என்றான் ஒவ்வொரு சொல்லாக. "அங்க செத்தா அந்த ஊர்க் கணக்கு. இங்கயே கெடக்கேன். ஒனக்கு ஒண்ணு கூடும்."

"கணக்கத் தூக்கிக் கெணத்துல போடு. நீ எந்திரி."

"நீதான..."

"நான் எதுக்கு மச்சான் கணக்குப் பாத்தேன்? ஒனக்காகத்தான. எந்திரி" என்று அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். மூட்டை தூக்கிய உடம்பு, அவள் ஒருத்தியே தூக்கும்படி இருந்தது.

வண்டி கிளம்பி, கம்பெனியைக் கடந்து, கருவேலங்காட்டைக் கடந்து, ஊர் எல்லையான உப்போடைப் பாலத்தை நெருங்கும்போது, உடன் வந்த உதவியாளர் நாகநாதனின் மார்பிலிருந்து கையை எடுத்தார். அவன் முகத்திலிருந்த பிராணவாயு முகமூடியைக் கழற்றினார். பூமயிலைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் இருந்தார். ஓட்டுநருக்கு இது தெரியாது. அவர் சைரனை அலறவிட்டு விரட்டிக்கொண்டிருந்தார்.

ஓடும் வண்டியில் ஒருவர் இறந்தால், அந்த வண்டி முதலில் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் பதியவேண்டும் என்று விதி இருக்கிறது. சட்டப் புத்தகத்தை ஒரு வருடமாகப் புரட்டியவள் என்பதால் பூமயிலுக்கு அது மனப்பாடம். பேசாமல் இருந்தால் வண்டி பெருவாசலில் நிற்கும். நாகநாதன் பெருவாசலின் கணக்கில் சேர்வான். எரித்துப் பால் தெளித்த மறுநாள் முதல் பேருந்தில் வந்து இறங்கி, அவள் கடைக்கு நேர் எதிரே நிற்பான். காலையில் கடை திறக்கும்போது இருப்பான், சாயங்காலம் சாத்தும்போதும் இருப்பான். பெயர் கேட்டால் சொல்வான். அடுத்த முகாம் வரும்வரை, வருடக்கணக்காகக்கூட, அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இங்கே நின்றால் பதிவேட்டில் ஒரு வரி. வேறொன்றும் இல்லை.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. அவள் நாகநாதனின் இமையில் இருந்த பொடியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"தம்பி, நிறுத்துங்க" என்றாள்.

"யக்கா, இன்னும் இருபதே நிமிஷம்..."

"இங்கயே நிறுத்துங்க."

வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது.

தணிகைவேல் பதிவேட்டை விரித்து, புது வருடத்தின் வெள்ளைத் தாளைப் பார்த்துக் கொஞ்சநேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பெயர், தகப்பனார் பெயர், வயது, இடம் எல்லாம் எழுதினார்.

"காரணம்?"

"வெங்கச்சங்கல் மாவு."

"இதயம் நின்னதுன்னு போட்டா யாருக்கும் தொந்தரவு இல்லம்மா."

"அது ஒங்களுக்கும் நிக்கும் சார், எனக்கும் நிக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். எதிரே திறந்த கதவு வழியாக வரிசையைப் பார்த்தார். எழுதினார். அந்த வருடம் ஈச்சனேந்தலின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்குப் பூச்சியம் புள்ளி ஆறு.

பால் தெளித்த மறுநாள் காலை பூமயில் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ரேவதியும் வந்து பக்கத்தில் நின்றாள். முதல் பேருந்து வந்தது. வடக்குத் தெரு வேலு இறங்கினான், அவனுக்குப் பின்னால் சல்லடைப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் இறங்கினாள். இரண்டு பேரும் யாரையும் பார்க்காமல் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். நடத்துனர் விசில் கொடுத்தார்.

"வரமாட்டாரு மதினி" என்றாள் ரேவதி.

"தெரியும்" என்றாள் பூமயில். பேருந்து கிளம்பி வளைவில் மறைந்த பிறகும், அது வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.